ஒற்றைப் பூவைக் காணவில்லை

ஒன்பது நாற்பது.

அவள் கையிலிருந்த டார்ச் அப்படியே நின்றது. ஓவியத்தின் கீழ்ப்பாதியில், வெளிறிய மண் பாதையின் நடுவில், ஒரு பூ இருக்க வேண்டும். சிவப்பாக, ஓர் அரிசி அளவில், தன்னந்தனியாக.

இல்லை.

பக்கத்து ஸ்டாண்டில் செருகியிருந்த போட்டோவைப் பார்த்தாள். இருக்கிறது. ஓவியத்தைப் பார்த்தாள். இல்லை. மறுபடி போட்டோ. மறுபடி ஓவியம்.

நான்கு விரல் இடைவெளியில், பூதக்கண்ணாடி வழியாக ஓவியம் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். வேறு மியூசியங்களிலிருந்து இரவல் வரும் படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், கூட வந்த போட்டோவோடு ஒப்பிட்டு, எங்கே கீறல், எங்கே விரிசல், எங்கே வண்ணம் உதிர்ந்திருக்கிறது என்று அறிக்கை எழுத வேண்டும். போட்டோவின் மேல் ஒரு கண்ணாடித்தாள் விரித்து, குறை கண்ட இடத்தில் அந்தத் தாளில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி. கடைசியில் கையெழுத்து. அது விழாமல் படம் சுவரில் ஏறாது. மியூசியத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'லென்ஸ்' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இன்றைக்கு வந்திருப்பது பாப்பி வயல், சிவப்பாகப் பூத்த கசகசாச் செடிகள். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் ஒருவர் வெயிலில் நின்று அவசர அவசரமாகத் தீட்டியது. பிற்பகல் மூன்று மணிக்குத் திறப்பு விழா. 'பூத்த வயல்கள்' என்று வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு பேனர் தொங்குகிறது. அதில் இருப்பது இதே படம். பேனரின் நடுவே, நுழைகிறவர்கள் தலைக்கு நேர் மேலே, தாம்பாளம் அளவில் அந்த ஒற்றைப் பூ.

"என்ன, ரொம்ப நேரமா ஒரே இடத்துலயே நிக்கிறீங்க?"

கேட்டது படத்தோடு வந்த அதிகாரி. இரவல் கொடுத்த மியூசியத்திலிருந்து பெட்டிக்குக் காவலாக லாரியிலேயே இரண்டு நாள் உட்கார்ந்து வந்தவள். வழியில் பிடித்த இருமல் விடவில்லை. வந்த அரை மணி நேரத்திலேயே ஆணி அடிக்கிற கோஷ்டி அவளுக்கு 'இருமல் மேடம்' என்று பட்டம் கட்டிவிட்டது.

"கண்ணு கொஞ்சம் கூசுது. வேற ஒண்ணும் இல்ல."

"சரி, நான் டிபன் சாப்பிட்டுட்டு வந்துடறேன். படத்தைத் தொட வேணாம்."

கதவு மூடியது. அவள் திரும்பினாள். அறையின் மூலையில், திறந்த பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான் ஆணி. படம் மாட்டும் கோஷ்டியின் தலைவன், அதனால் அந்தப் பட்டப்பெயர். வீட்டில் அவள் கணவனின் தம்பி. இந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்ததே அவள்தான்.

"இங்க வா."

"என்ன அண்ணி, கசகசாச் செடிக்குள்ள பாம்பு ஏதாவது பார்த்தீங்களா?"

"ஒரு பூவைக் காணோம்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"அத்தனை பூ இருக்கு. ஒண்ணு போனா என்ன?"

"வண்ணம் உதிர்ந்திருக்குடா. வர்ற வழியிலயோ, இங்க இறக்கும்போதோ. பெட்டியை எப்படி இறக்கினே?"

அவன் ஸ்க்ரூ டப்பாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"அண்ணி, கத்தாதீங்க." சட்டைப் பையிலிருந்து கசங்கிய ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தான். ஓவியப் பெட்டிகளின் பக்கவாட்டில் ஒட்டுவது. பெட்டி எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்த்தால் ஸ்டிக்கரின் நடுவிலுள்ள வெள்ளைப் புள்ளி சிவப்பாகிவிடும். ஒரு தடவை சிவந்தால் சிவந்ததுதான், திரும்ப வெளுக்காது.

அது ரத்தச் சிவப்பாக இருந்தது.

"லிஃப்ட்டுக்குள்ள போகல அண்ணி. ரெண்டு அங்குலம் இடிச்சுது. அந்தம்மா ரிசப்ஷன்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பின்னாடி லாரி ஹாரன் அடிக்கிறான். ஒரே ஒரு நிமிஷம் சாய்ச்சு உள்ள தள்ளிட்டோம்."

"பெட்டியில வெள்ளையா இருந்துச்சே?"

"நம்ம ஸ்டோர்ல இருந்து புதுசா ஒண்ணு எடுத்து ஒட்டிட்டேன்."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்வாங்கினான்.

"பாப்பா பிறந்து நாப்பது நாள்கூட ஆகல அண்ணி. வேலை போச்சுன்னா அண்ணன் என்னை உயிரோட விடமாட்டான். நீங்க பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட்டுடுங்களேன். பூவுக்கு நடுவுல ஒரு பூ. யாருக்குங்க தெரியப் போகுது?"

"ரெண்டு மாடி உயரத்துக்கு வாசல்ல தொங்க விட்டிருக்கு. யாருக்குத் தெரியும்ங்கறே?"

அவன் ஸ்டிக்கரை மறுபடி சட்டைப் பைக்குள் திணித்தான்.

"தேடு," என்றாள். "உதிர்ந்தது எங்கேயும் ஓடிப் போயிருக்காது. பெட்டிக்குள்ளதான் இருக்கணும். கிடைச்சா திரும்ப ஒட்ட ஆள் இருக்கு."

தேடினார்கள். பெட்டிக்குள் இருந்த ஃபோம் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணிமேல் தட்டினார்கள். மரத்தூள் விழுந்தது. யாருடையதோ ஒரு தலைமுடி விழுந்தது. சிவப்பாக ஒன்று விழுந்தபோது ஆணி "ஐயோ, கிடைச்சிடுச்சு!" என்று கூவினான். அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஸ்டிக்கர் பேப்பரின் கிழிசல்.

பத்து இருபது. கதவு திறந்தது.

வாசலில் இருமல் மேடம். தரையில் முழங்காலிட்டிருந்த இரண்டு பேரையும், குடல் உருவிய கோழிபோலக் கிடந்த பெட்டியையும் பார்த்தாள். இருமல்கூட மறந்துவிட்டது.

"எது உதிர்ந்திருக்கு?"

இனி மறைத்துப் பயனில்லை. அவள் விரலை நீட்டி அதிகாரிக்குக் காட்டினாள். அதிகாரி போட்டோவைப் பார்த்தாள், ஓவியத்தைப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பானது.

"அந்த ஒத்தைப் பூவா? போயும் போயும் அதுவா?"

"எங்க வந்து உதிர்ந்துச்சுன்னு இன்னும்..."

"பெட்டியை மூடும்போது நான் கூட இருந்தேன். எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குன்னு எழுதியிருக்கு." அதிகாரி வாட்சைப் பார்த்தாள். "பன்னிரண்டு மணிவரைக்கும் டைம் தர்றேன். எப்படிப் போச்சுன்னு எழுத்துல காரணம் வேணும், யார் பொறுப்புன்னு பேரும் வேணும். இல்லைன்னா பெட்டியை மூடி லாரியில ஏத்திடுவேன். உங்க திறப்பு விழாவை வெறும் சுவரை வச்சு நடத்திக்கோங்க."

ஆணியின் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது. அவள் அதைக் கவனித்தாள். அதிகாரி கவனிக்கவில்லை. நல்லவேளை.

சேதி எப்படித்தான் போனதோ, ஐந்தாவது நிமிஷம் டைரக்டர் வந்து நின்றார். விழாவுக்கு வாங்கிய புதுக் கோட்டு. காலரில் விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் கண்காட்சியின் கையேடு.

"ஒத்தைப் பூ போச்சா?" குரல் கீச்சிட்டது. "என்னம்மா சொல்றீங்க! கட்டுரையே அதைப் பத்திதானேம்மா எழுதியிருக்கேன்!"

கையேட்டைப் பிரித்து, யாரும் கேட்காமலே படித்தார்: "'ஆயிரம் பூக்கள் கூட்டமாய் நிற்க, பாதை நடுவே விலகி நிற்கிறது ஒரு பூ. ஓவியத்தின் உயிர் அங்கேதான் துடிக்கிறது.' மூணு மணிக்கு இதைத்தான் நான் பேசணும். உயிரைக் காணோம்னா சொல்லச் சொல்றீங்க?"

"தேடிக்கிட்டு இருக்கோம் சார்."

"யாரு கையாண்டது பெட்டியை?" ஆணியைப் பார்த்தார். "நீயா?"

ஆணி வாய் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"சார், பன்னிரண்டுவரைக்கும் எனக்கு டைம் கொடுங்க. அறையை விட்டு எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

டைரக்டர் போகவில்லை. சுவரோரம் போய் நின்று நகம் கடித்தார். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து இருமினாள். ஆணி மட்டும் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தான்.

மறுபடி லென்ஸ். மறுபடி அந்தப் பாதை. பூ விட்டுப்போன பள்ளம் எங்கே? வண்ணம் உதிர்ந்தால் விளிம்பு உடைந்திருக்கும். அடியில் கான்வாஸ் நூல் தெரியும். இங்கே வெளிர் மண்நிறம் அலை அலையாக ஓடுகிறது, ஒரு வெட்டும் இல்லாமல். அங்கே ஒரு பூ இருந்ததற்கு அடையாளமே இல்லை. வேரோடு பிடுங்கி, மண்ணையும் மூடிவிட்டுப் போன மாதிரி.

'தூரத்துல இருந்து பார்த்தா தெரியுமோ? மூணு மணிக்கு வர்றவங்க கண்ணுக்கு ஓட்டை மாதிரி தெரியுமா?'

அந்தப் பயத்தில்தான் அவள் பின்னால் நகர்ந்தாள். ஓவியத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஓரடி. மூன்றடி. ஸ்க்ரூ டப்பா காலில் இடறியது. பத்தடி போனதும் முதுகு சுவரில் முட்டியது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இந்த உத்தியோகத்தில் பதினோரு வருஷம். முந்நூறு படத்துக்கு மேல் பார்த்தாகிவிட்டது. ஒன்றைக்கூடப் பத்தடி தள்ளிப் பார்த்ததில்லை. பார்க்க நேரம் ஏது? ஒன்று முடிந்தால் அடுத்த பெட்டி.

கிட்டத்தில் வெறும் பிசுக்காக, அவசரக்காரன் கை துடைத்த துணிபோல இருந்தது இப்போது வயலாகிவிட்டது. அது அசைந்தது. சத்தியமாக அசைந்தது. இடது மேட்டிலிருந்து காற்று கிளம்பி, சிவப்பையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டு இறங்கி வந்தது. பூக்கள் தூரத்தில் சின்னச் சின்னப் புள்ளி. கிட்டே வர வர அகலமான கீற்று. காலடியில் வெறும் சிவப்புத் தீற்றல், பூ என்றே சொல்ல முடியாது. ஆனாலும் பூ. ஒரு பூவையும் உட்கார்ந்து வரையவில்லை அந்த ஆள். காற்றை வரைந்திருக்கிறார், பூக்கள் அதில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. காற்று மேட்டிலிருந்து இறங்கிப் பாதைக்கு வந்ததும் வேகம் பிடித்து நேராகப் பார்க்கிறவள் முகத்துக்கே வந்தது. நடுவில் தடை ஏதும் இல்லாமல்.

தடை ஏதும் இல்லாமல்.

நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பேனரின் ஒரு பகுதி தெரிந்தது. அந்த ஒற்றைப் பூ. அதைப் பார்த்ததும் கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. காற்று வரவில்லை. வயல் அசையவில்லை. எல்லாம் அந்தப் புள்ளியில் வந்து முட்டி நிற்கின்றன.

வழியை விட்டுக் காற்றை இறக்கின ஆள், அந்த வழியிலேயே கொண்டுபோய்க் குறுக்கே ஒரு பூவை நடுவானா?

"மேடம்," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இந்தப் போட்டோ எப்போ எடுத்தது?"

அதிகாரி இருமலை அடக்கினாள். "பழசுதான். புதுசா எடுக்கணும்னா மாடிப்படிச் சுவர்ல இருந்து இறக்கணும், சாரம் கட்டணும். ஃபைல்ல நல்ல பிரிண்ட் ஒண்ணு இருந்துச்சு. அதையே ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். ஏன்?"

"இங்க பேனருக்கும் அதேதானா?"

"எல்லாத்துக்கும் அதேதான்."

"நீங்க இந்தப் படத்தைக் கிட்டத்துல பார்த்திருக்கீங்களா?"

"நான் சேர்ந்தே ஏழு மாசம் ஆகுது. படிக்கட்டு உச்சியில தொங்கும். இறக்கும்போது பார்த்தேன். பெட்டி கட்டுற அவசரம். அறிக்கையில அங்க எழுதினவர் கையெழுத்துப் போட்டிருந்தார், நான் அதைச் சரிபார்த்தேன்..." இழுத்தாள். சரிபார்க்கவில்லை என்பது இழுவையிலேயே தெரிந்தது.

"ஃபைல் கொண்டு வந்திருக்கீங்களா? பழசெல்லாம்?"

செங்கல் கனத்துக்கு ஒரு ஃபைல் மேஜைக்கு வந்தது. இந்த ஓவியம் போய்வந்த ஊர்களின் அறிக்கைகள் எல்லாம் அதில். அவள் புரட்டினாள். பதினொன்று பத்து. ஆணி தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டான். டைரக்டர் அடுத்த கை நகத்துக்கு மாறினார்.

பின்னாலிருந்து மூன்றாவது அறிக்கை. பத்தரை வருஷம் பழசு. வரிசை எண் ஏழு: 'பாதையின் நடுவில் ஈ எச்சம், ஒரு மில்லிமீட்டர்.' அதற்கு அடுத்த அறிக்கையில்: 'ஈ எச்சம் துடைக்கப்பட்டது.'

பழைய அறிக்கையோடு இருந்த கண்ணாடித்தாளை வெளிச்சத்தில் தூக்கினாள். ஆறு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஏழாவது இல்லை.

தாளுக்கு அடியிலிருந்த பிரிண்ட்டை எடுத்து லென்ஸை வைத்தாள். பாதை நடுவில் அந்த ஒற்றைப் பூ. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்தாள். மற்ற பூக்கள் எல்லாம் காகிதத்தோடு மங்கலாக இருந்தன. இது மட்டும் மேலே நின்று மினுங்கியது.

பேனா மை.

யாரோ அவசரத்தில் கண்ணாடித்தாளை விலக்கிவிட்டு, போட்டோவின் மேலேயே புள்ளி வைத்திருக்கிறார்கள். சிவப்பு வயலில் சிவப்புப் புள்ளி. அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் அது பூவாகிவிட்டது.

"யாரு அந்தப் புண்ணியவான்?" என்றான் ஆணி. ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் அவன் முகத்தில் ரத்தம் வந்திருந்தது. "அவன் கையெழுத்து இருக்குமே? அவனைத் தூக்கிப் போட்டு..."

அவள் அறிக்கையின் அடிப்பக்கத்தைத் திருப்பினாள். கையெழுத்து வலப்பக்கம் சாய்வதற்குப் பதிலாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இடதுகைக்காரர்கள் பலருக்கு அப்படி வரும்.

ஆணி எட்டிப் பார்த்தான். வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டும் சீட்டுகளில் தினமும் பார்க்கிற எழுத்து.

"அண்ணி," என்றான் மெதுவாக. "இது நீங்க."

வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறு ஊரில் ஆறு மாதப் பயிற்சி. ஒரே நாளில் ஒன்பது படம். அதில் இதுவும் ஒன்று. எப்படி ஞாபகம் இருக்கும்? வாழ்நாள் பூராவும் ஆட்களின் மூக்கை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தவளிடம், இவரைத் தெரியுமா என்று முழு ஆளையும் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன சொல்வாள்?

அதிகாரி எழுந்து வந்து கையெழுத்தைப் பார்த்தாள்.

முதலில் வாய் திறந்தவர் டைரக்டர். "அப்போ நான் எழுதினது?"

"ஈ எச்சம் சார்," என்றான் ஆணி. அடக்க முடியவில்லை. "உயிர் அங்கதான் துடிக்குதுன்னு..."

"நீ சும்மா இருடா!" என்றாள் அவள்.

டைரக்டர் கையேட்டை மூடினார். சத்தத்தைத் தாழ்த்தினார். "சரி. படத்துக்குச் சேதம் இல்ல, நல்லதாப் போச்சு. இது இந்த நாலு பேரோட இருக்கட்டும். 'எல்லாம் சரி'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பூவைப் பத்தி எழுத வேணாம். இவ்வளவு நாள் இருந்த பூதானே, இன்னும் மூணு மாசம் இருந்துட்டுப் போகட்டும்."

பதினொன்று நாற்பது.

பேனா கையில் இருந்தது. ஒரு வரி போதும். அவள் தப்பும் மறையும், ஆணியின் ஸ்டிக்கரும் மறையும். படம் சுவரில் ஏறிவிடும். ஆனால் மூன்று மாதம் கழித்துப் படம் அடுத்த ஊருக்குப் போகும். அங்கே இன்னொருத்தி டார்ச்சோடு நிற்பாள். அவளும் இல்லாத பூவைத் தேடிப் பெட்டியைக் குடைவாள். அங்கேயும் ஒரு பெட்டிக்காரன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நிற்பான்.

எழுதினாள். இடதுகை, சாய்ந்த எழுத்து.

'ஓவியத்தில் புதிய சேதம் இல்லை. போட்டோவில் பாதை நடுவே தெரியும் சிவப்புப் புள்ளி பூ அல்ல. முந்தைய அறிக்கையின்போது நான் தவறுதலாக வைத்த பேனாக் குறி. இந்தப் போட்டோவை இனிப் பயன்படுத்த வேண்டாம்.'

பேனா ஒரு விநாடி நின்றது. அடுத்த வரி.

'பெட்டி லிஃப்ட்டில் ஏற்றும்போது சாய்க்கப்பட்டது. சாய்வு ஸ்டிக்கர் மாற்றப்பட்டது.'

"அண்ணி!" ஆணி அலறினான். "அதையுமா? சேதம்தான் இல்லையே!"

"என் புள்ளியை எழுதிட்டு உன் புள்ளியை விட்டா, வீட்டுல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உனக்குச் சோறு போடுவேன்? அந்த ஸ்டிக்கரை எடு."

அவன் எடுத்து மேஜையில் வைத்தான். அதிகாரி அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"சாய்ச்சதுகூடப் போகுது," என்றாள் கடைசியில். "மாத்தி ஒட்டினீங்க பாருங்க, அது மன்னிக்கிற விஷயம் இல்ல. திரும்பப் பெட்டி கட்டும்போது உங்க கை இதுல படக்கூடாது. வேலையில வச்சுக்கறதும் அனுப்பறதும் உங்க டைரக்டர் பாடு." அவளும் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, தயங்கி, அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'புறப்படும்முன் நானும் சரிபார்க்கவில்லை.'

எல்லோரும் டைரக்டரைப் பார்த்தார்கள்.

"என்னைப் பார்த்தா? இவனை அனுப்பினா இந்தம்மாவையும் அனுப்பணும். ரெண்டு பேரையும் அனுப்பிட்டு மூணு மணிக்கு நானா ஏணி மேல ஏறுறது?" அவர் ஆணியின் மேல் விரலை நீட்டினார். "ஒரு வருஷத்துக்கு நீ தலைவன் இல்ல. ஏணி பிடிக்கிறவன். போ, மாட்டு."

ஆணி ஓடினான்.

மூன்று பத்து. கூடம் நிரம்பியிருந்தது. அவள் தூணோரம் நின்றாள். நிற்க முடியவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். டைரக்டர் மைக்கைப் பிடித்திருந்தார். கையேடு இரண்டாயிரம் பிரதி அச்சாகிவிட்டது; பேனர் தொங்குகிறது; அறிக்கை மட்டும் ஃபைலில் இருக்கிறது. அவர் எந்தப் பக்கம் சாய்வார்?

"ஆயிரம் பூக்கள் கூட்டமாய் நிற்க..." என்று ஆரம்பித்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாதை நடுவே விலகி நிற்கிறது ஒரு பூ!"

கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் கழுத்தை நீட்டி, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "ஆமா, ஆமா. தெரியுது பாருங்க. எவ்வளவு தனியா நிக்குது!" பக்கத்திலிருந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அற்புதம்," என்றார்.

ஏணியைப் பிடித்திருந்த ஆணி, சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூட்டம் கலைந்து பலகாரத் தட்டுகள் பக்கம் நகர்ந்தது. நூறு பேர் வந்து பார்த்தார்கள். நூறு பேருக்கும் அந்தப் பூ தெரிந்தது. அவளுக்குக் கை பரபரத்தது. மைக்கைப் பிடுங்கிக் கத்திவிடலாமா? கத்தினால் என்ன ஆகும்? வேலை போகும். போகட்டும். இவ்வளவு பேரில் ஒருத்தருக்காவது கண் இருக்காதா?

ஓவியத்தின் முன்னால் ஒரு பெண்மணி மட்டும் நகராமல் நின்றாள். செருப்பில் சேறு, தோளில் கனமான பை. வேலையிலிருந்து நேரே வந்தவள்போலத் தெரிந்தது. கையேட்டைப் பிரித்துப் பார்த்தாள். ஓவியத்தைப் பார்த்தாள். மறுபடி கையேடு. மறுபடி ஓவியம். காலையில் டார்ச்சோடு அவள் செய்த அதே வேலை.

தூணோரத்திலிருந்து அவள் கிட்டத்தில் போய்விட்டாள். கால்கள்தான் கொண்டுபோயின.

"எனக்குத்தான் கண்ணு சரியில்லையா, தெரியல," என்றாள் அந்தப் பெண்மணி, வெட்கத்தோடு. "இந்தப் பூவைக் காணோமே?"

"உங்க கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. அப்படி ஒரு பூ இல்ல."

"அப்புறம் இதுல இருக்கே?"

"அது நான் வச்சது. பெரிய கதை, அப்புறம் சொல்றேன்." பெண்மணியின் முழங்கையை லேசாகத் தொட்டாள். "முதல்ல பின்னால வாங்க. இல்ல, இன்னும் வாங்க. பத்தடி."

இருவரும் பின்னால் நடந்தார்கள். யாரோ ஒருவர் மேல் முட்டினார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். இன்னும் இரண்டடி.

"இப்போ பாருங்க," என்றாள்.

இடது மேட்டிலிருந்து காற்று கிளம்பியது.